டிசம்பரில் பிறந்தவன்



தெலுக் பங்லிமா காராங்கில் ஒருமுறை 12 வயதுக்குட்பட்ட காற்பந்துக் குழுவிற்கு நான் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தேன். உயரமும் வேகமும் உடையோரே என் கண்ணில் பட்டனர். சிறிய உருவங்கொண்ட ஒருவனை நீக்கினேன்.

“ஐயா, அடுத்த ஆண்டு நான் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவேனே,” என்றான்.

பெயர்ப்பட்டியலை அனுப்பிய பின்னரே பதிவேட்டைப் பார்த்தேன். அவன் டிசம்பரில் பிறந்தவன்; தேர்வு பெற்றோரில் பலர் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள். திறமையென நான் எண்ணியது சில மாத வளர்ச்சியையே!

வல்லுநர்களும் தவறுவதுண்டு. ஆஸ்திரேலிய விதிக் காற்பந்தில் கழகங்கள் இளம் ஆட்டக்காரர்களை வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும். 1990இல் 79ஆவதாகத் தேர்வான ஜேம்ஸ் ஹெர்ட், 1996இல் உயரிய பிரவுன்லோ பதக்கத்தைப் பகிர்ந்து பெற்றார்.

இப்பொழுதெல்லாம் பிறந்த மாதத்தைப் பார்த்த பிறகே திடலுக்குச் செல்கிறேன். அந்த மாணவனுக்கு மட்டும் அது உதவவில்லை.