அப்பா பேரில் வந்த கடைசி சிலிண்டர்

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் ஏறினால், வழியில் செம்பட்டி வரும். பழநிக்கும் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் சாலைகள் பிரிகிற இடம். கொடைக்கானலுக்குப் போகிற சுற்றுலா வண்டிகள் இங்கே டீ குடித்துவிட்டு நேராகப் போய்விடும். நான் அங்கே இறங்கி வேறு பஸ் மாறுவேன். மேற்கே மலை தெரிய, வயலும் தென்னையுமாகக் கொஞ்ச தூரம் போனால் எங்கள் சித்தையன்கோட்டை.

ஆத்தூர் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி இது. சுற்றுலாப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. காலையில் பாங்கு சத்தம் கேட்டு எழுந்து, கோயில் மணி கேட்டு அடுப்பு பற்றவைக்கிற ஊர். இந்தமுறை நான் போனது, அம்மாவின் கேஸ் கனெக்‌ஷனில் பெயர் மாற்றுவதற்காக.

‘இதுக்கா கோயம்புத்தூர்ல இருந்து லீவு போட்டுட்டு வந்தே?’ என்று அம்மா கேட்டார். ஆமாம், இதற்குத்தான். காரணம் இருக்கிறது.

அப்பா இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கேஸ் புத்தகம் அவர் பேரில். பதிவு செய்த மொபைல் நம்பரும் அவருடையது. சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது அந்த நம்பருக்கு ஒரு கோடு வரும். அதைச் சொன்னால்தான் டெலிவரி. அதனால் அப்பாவின் போனை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் சார்ஜ் போட்டு, மாதாமாதம் ரீசார்ஜும் செய்துவந்தோம். அந்த போனுக்கு இப்போது வேறு யாரும் கூப்பிடுவதில்லை. கேஸ்காரர்கள் மட்டும்தான் அவரைத் தேடுகிறார்கள்.

போன மாதம் ரீசார்ஜ் செய்ய நான் மறந்துவிட்டேன். கோடு வரவில்லை, சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது. அம்மா என்னிடம் சொல்லவில்லை. ‘வேலையில இருப்பே, எதுக்குத் தொந்தரவு’ என்று இருந்துவிட்டார். வீட்டில் இருந்த சிலிண்டரும் தீரும் நிலை. ராத்திரி சாம்பார் பாதி கொதிக்கும்போது தீ சுருங்கிவிட, நம் வீடுகளில் காலம்காலமாகச் செய்கிற அதே வேலையை அம்மாவும் செய்தார். சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருட்டினார்.

தீ குபீரென்று எழும்பியிருக்கிறது. பயந்துபோய் அடுப்பை அணைத்திருக்கிறார். அந்தப் பதற்றத்தில் ஒரு குமிழ் சரியாக மூடவில்லை. வாசனை கண்டு ஓடிவந்தது பக்கத்து வீட்டு அக்கா. உள்ளே வரும்போதே, ‘லைட்டு சுவிட்ச்ச தொடாதீங்கம்மா!’ என்று கத்திக்கொண்டே வந்தாராம். இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அம்மாவைக் கையைப் பிடித்துத் தெருவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அன்று ராத்திரி அம்மாவுக்குச் சோறு அந்த வீட்டில்தான். மறுநாள் அக்கா போனில் என்னிடம் சொன்னபோது என் கை நடுங்கியது.

படுக்கப்போட்டால் என்ன ஆகும்?

சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அழுத்தத்தில் அடைத்திருப்பதால் திரவமாக இருக்கிறது. மேலே இருக்கும் காலி இடத்தில் அது ஆவியாகி, அந்த ஆவிதான் அடுப்புக்கு வருகிறது. படுக்கப்போட்டால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு சொட்டு திரவம் விரிந்தால் இருநூறு மடங்குக்கும் மேல் வாயுவாகும். கொஞ்ச நேரம் தீ நன்றாக எரிவதுபோல் தெரியும். ஆபத்தும் அங்கேதான்.

இந்த வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். அப்போது சுவிட்ச் போட்டாலும் ஆபத்து, அணைத்தாலும் ஆபத்து. அக்கா செய்ததுதான் சரி. வெளியே வந்த பிறகு 1906 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழைக்கலாம்.

தம்பி வீட்டு அடுப்பு

பெயர் மாற்ற தம்பியின் சம்மதக் கடிதமும் வேண்டும். அவன் அமெரிக்காவில், மிச்சிகனில் இருக்கிறான். வீடியோ காலில் பேசும்போது அவனுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் தீ எரிந்துகொண்டிருந்தது.

‘அது என்னடா, ஹால்ல அடுப்பு?’ என்றார் அம்மா.

‘குளிர் காயுறதும்மா. கேஸ்ல எரியுது.’

‘அதுல என்ன சமைப்பீங்க?’

‘ஒண்ணும் சமைக்க மாட்டோம்மா.’

‘சும்மா எரியுறதுக்கா கேஸு!’ அம்மாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. இங்கே பால் பொங்கியதும் சிம்மில் வைக்கிறவர் அவர்.

தம்பி வீட்டுப் பக்கம் குழாய் வழி கேஸ் கிடையாது. தோட்டத்தில் பெரிய புரொப்பேன் டேங்க் வைத்திருக்கிறார்கள். லாரி வந்து குழாய் போட்டு நிரப்பிவிட்டுப் போகும். டேங்க் மேலே முள் இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று காட்டும். ‘முப்பது சதவீதத்துக்கு இறங்கினா புக் பண்ணிடுவோம்க்கா. பனி கொட்டுறப்ப லாரி வராது’ என்றான். டேங்க்கை எப்போதும் எண்பது சதவீதம்தான் நிரப்புவார்களாம். வெயில் பட்டால் திரவம் விரியும், அதற்கு இடம் வேண்டும். நம் 14.2 கிலோ சிலிண்டரிலும் இதே கணக்குதான். உள்ளே மேல்பகுதி காலியாகவே இருக்கும்.

அங்கே ஏன் தனி புரொப்பேன்? பியூட்டேன், தண்ணீர் உறைகிற குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டும் கலந்தது போதும்.

குளிர் காயும் அடுப்பு நமக்கும் புதிதல்ல. எங்கள் தெருமுனையில் நின்றால் தெரிகிற மலைத்தொடரின் மேலேதான் கொடைக்கானல். அங்கே வெள்ளைக்காரர் காலத்து பங்களாக்களில் கணப்பு அடுப்புகள் இன்னும் இருக்கின்றன. மேலே விறகு குளிருக்கு எரிந்தது. கீழே எங்கள் ஊரில் சோற்றுக்கு எரிந்தது.

விறகில் இருந்து சிலிண்டருக்கு

அம்மா கல்யாணமாகி வந்தபோது இந்த வீட்டில் விறகடுப்பு. மலையடிவாரத்தில் இருந்து பெண்கள் தலைச்சுமையாக விறகு கொண்டுவருவார்களாம். நெல் விளைகிற ஊர் என்பதால் உமி அடுப்பும் உண்டு. ரேஷனில் மண்ணெண்ணெய். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி ஆத்தாவுக்கு (அப்பாவின் அம்மா) கடைசிவரை இருமல் நிற்கவில்லை.

இந்தியன் ஆயில் நிறுவனம் தன் முதல் இண்டேன் கனெக்‌ஷனை 1965-ல் கொல்கத்தாவில் கொடுத்தது. எங்கள் தெருவுக்கு வர இன்னும் பல வருடங்கள் பிடித்தன. அப்போதெல்லாம் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவும் காத்திருந்து வாங்கினார். முதல் சிலிண்டர் வந்த அன்று பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. இன்று சிலிண்டர் வண்டியின் ‘டங் டங்’ சத்தம் கேட்காத தெரு இல்லை.

அதனால்தான் அம்மா தயங்கினார். ‘அவரு அலைஞ்சு வாங்கினது. அவரு பேரை எடுக்கணுமா?’

நான் பொறுமையாகச் சொன்னேன். இப்போது ஆதார் வைத்து கேஸ் இணைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். அப்பா வந்து விரல் வைக்க முடியாது. நாளைக்கு ஏதாவது விபத்து என்றால், காப்பீடு கேட்கும்போது பேரும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய், பீரோவில் இருந்து கேஸ் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தார்.

இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், என்னிடமும் தம்பியிடமும் ‘ஆட்சேபனை இல்லை’ என்ற கடிதம், டெபாசிட் கட்டியதற்கான பழைய வவுச்சர், அம்மாவின் ஆதார், கேஒய்சி படிவம். இவ்வளவுதான். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, மொபைல் நம்பர் எழுதும் இடத்தில் தன் நம்பரைத் தானே எழுதினார். சிலிண்டரைவிடப் பழசான ரப்பர் குழாயையும் மாற்றிவிட்டோம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

புது சிலிண்டர்

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் வண்டி வந்தது. இந்தமுறை எல்லாவற்றையும் பார்த்தோம். சீல் உடையவில்லை. கைப்பிடியின் உள்பக்கம் எழுதியிருக்கும் எழுத்தும் எண்ணும் அடுத்த சோதனைக்கான கெடு: ஏ என்றால் மார்ச் வரை, பி ஜூன் வரை, சி செப்டம்பர் வரை, டி டிசம்பர் வரை. கூடவே வருடம். கெடு தாண்டியிருந்தால் வாங்கக் கூடாது. எடை போடச் சொன்னேன். தம்பி முகம் சுளிக்காமல் தராசில் தொங்கவிட்டார். காலி சிலிண்டரின் எடை அதன்மேலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் சரியாக இருக்க வேண்டும். இருந்தது. மூடியைத் திறந்து வாஷர் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக் கொடுத்தார்.

‘கோடு சொல்லுங்கம்மா’ என்றார்.

அம்மா பழக்கத்தில் சாமி படத்துப் பக்கம் போனார். பாதியில் நின்று திரும்பினார். இடுப்பில் செருகியிருந்த தன் போனை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி வாசித்தார். ரசீதை வாங்கித் தன் பேரை இரண்டுமுறை படித்துப் பார்த்தார்.

அப்பாவின் பழைய கேஸ் புத்தகம் மறுபடி பீரோவுக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி பாயசம் வைத்து, முதல் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தனுப்பினார் அம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது ஒருவர் பேரில் கேஸ் புத்தகம் இருக்கலாம். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். அப்படியே அந்த ரப்பர் குழாயையும்.