கைமுதலும் கைத்திறனும்

ஊவா மலைகளில் சீட்டாட்டம் அறியாத லயம் இல்லை. சம்பள நாளின் மாலையில் நான்கு பேர் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டால், அவர்களைச் சுற்றிப் பத்துப் பேராவது நின்று பார்ப்பார்கள். ஆட்டம் பெரும்பாலும் ‘முந்நூற்று நாலு’. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி இலங்கை முழுவதும் ஆடப்படுகிற ஆட்டம் அது. அதில் வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2; எட்டுக்கும் ஏழுக்கும் மதிப்பே இல்லை. ஒரு சாதிச் சீட்டுகளைக் கூட்டினால் 76. நான்கு சாதிகளையும் கூட்டினால் 304. அரசனையும் அரசியையும் விட அவர்களுடைய சேவகன் பத்து மடங்குக்குக் குறையாத பெறுமதியுள்ளவன் என்று தீர்ப்பளிக்கும் இந்த ஆட்டம் நம் மக்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

பதுளைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் நான் நெடுங்காலம் கணிதம் கற்பித்தேன். எந்தப் பாடநூலும் இல்லாமல் கூட்டலையும் பெருக்கலையும் பிள்ளைகள் இந்தச் சீட்டுகளிடமே கற்றுக்கொண்டு வருவதை ஒவ்வோர் ஆண்டும் கண்டிருக்கிறேன். அப்படி வந்தவர்களில் ஒருவன், விழுந்த சீட்டுகளை மனத்திலேயே எண்ணி, எதிராளியின் கையில் மீந்திருப்பதைச் சொல்லிவிடுவான். சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்தில் அதி விசேட சித்தி பெற்றான். ஆனால் உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தமிழில் படிக்க எங்கள் பாடசாலையில் வசதி இல்லை. வசதியுள்ள இடத்திலே தங்கிப் படிக்கக் கையில் காசில்லை. பதினெட்டு வயதில் கொழும்புக்குப் போய் ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தான். மலையகத்து இளைஞர் எத்தனையோ பேர் நடந்த பாதைதான் அது.

2025 தீபாவளிக்கு ஊர் வந்தவன் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. கொழும்பில் ‘போக்கர்’ என்னும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். முதலில் உடன் வேலை செய்வோருடனும், பின்னர் ஒரு வீட்டு மாடியில் கூடும் சிறு மேசையிலும் ஆடிவந்தான். எட்டு மாதக் கணக்கு அந்த நோட்டில் இருந்தது: எந்த இரவு, எத்தனை மணி நேரம், எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு. பொய்க்கணக்கு எழுதத் தெரியாதவன் அவன். மொத்தத்தில் வென்றிருந்தான், இரண்டு லட்ச ரூபாய் சேர்த்தும் இருந்தான்.

இப்போது அவன் பெரிய மேசைக்கு, அதாவது கசினோவுக்கு, ஏற விரும்பினான். அதற்கு இரண்டு லட்சம் போதாது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த அவனுடைய தாய் அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தாள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலி பெறுவோருக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் ஊதியம் கிடைக்கும். முப்பது ஆண்டுகளுக்கு 420 நாள் ஊதியம். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபாய் நாட்கூலியில் கணக்கிட்டால் 5,67,000 ரூபாய். அந்தப் பணத்தின் மேல் அவனுக்குக் கண் இருந்தது.

“சேர், நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

சூது தீது என்று சொல்லி அவனை அனுப்பிவிடுவது எளிது. வள்ளுவர் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் இறுதியில் பாஞ்சாலியையும் பணயம் வைத்த கதையைத் தெருக்கூத்திலேயே பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கணக்கோடு வந்தவனுக்குக் கணக்காலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவன் வாதங்களை முதலில் பொறுமையாகக் கேட்டேன்.

போக்கரில் ஆடுவோர் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். ஆட்டத்தை நடத்தும் நிலையமோ, ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் தொகையிலிருந்து ஒரு பங்கை, ஓர் உச்ச வரம்புக்கு உட்பட்டு, எடுத்துக்கொள்கிறது. சிறு மேசையில் அந்தப் பங்கு வெற்றியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். பணயம் பெரிதாகப் பெரிதாக, வரம்பு இருப்பதால் அதன் விகிதம் குறையும். ஆகவே திறமையுள்ளவன் மேலே ஏறுவதுதான் முறை என்றான். அதே திறமை, அதே நேரம். பணயம் நான்கு மடங்கானால் வரவும் நான்கு மடங்கு என்றான். இவை தவறான வாதங்கள் அல்ல. மேல் மேசையில் ஆடுபவர்களும் மேலான ஆட்டக்காரர்களாக இருப்பார்கள் என்ற ஒன்றை மட்டும் அவன் லேசாக எடுத்துக்கொண்டான்.

நான் கரும்பலகையை எடுத்தேன். 1657இல் ஒல்லாந்து அறிஞர் ஹைகன்ஸ் தாயக்கட்டை ஆட்டங்களின் கணக்கைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆட்டக்காரன் கைமுதல் முழுவதையும் இழப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்னும் கேள்வி அதிலேயே இருக்கிறது. அதை எங்கள் நிலைமைக்குப் பொருத்திப் பார்த்தோம். எளிமைக்காக, ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அலகு வெல்வது அல்லது ஓர் அலகு தோற்பது என்று வைத்துக்கொள்வோம். நம் பையன் திறமைசாலி. நூற்றுக்கு 55 தடவை வெல்கிறான். அவன் கையில் 20 அலகுகள் இருந்தால், எவ்வளவு காலம் ஆடினாலும் கைமுதல் முழுவதும் அழிவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 2க்கும் குறைவு. பணயத்தை இரட்டித்தால் அதே பணம் 10 அலகாகிவிடுகிறது. அழிவுக்கான வாய்ப்பு 13 ஆகிறது. நான்கு மடங்காக்கினால் 5 அலகுதான். வாய்ப்பு 37க்குத் தாவுகிறது. திறமையில் ஒரு துளியும் குறையவில்லை. சீட்டுகள் அதே சீட்டுகள். குறைந்தது கைமுதல் ஒன்றே.

“அதுனாலதான் சேர், அம்மா காசு கேக்கிறேன்” என்றான் அவன் உடனே. கணக்கை அவன் என்னைவிட விரைவாகப் புரிந்துகொண்டிருந்தான்.

“உன் அம்மாவின் காசைச் சேர்த்தாலும் உன்னிடம் இருப்பது ஒரே ஒரு கைமுதல். அது போனால் அடுத்தது எங்கிருந்து வரும்? எதிரே உட்காருபவனுக்கு அது எங்கிருந்து வரும்?” என்று கேட்டேன்.

வாசலைத் தாண்டும் கணக்கையும் போட்டோம். இலங்கைக் குடிமகன் கசினோவுக்குள் நுழைவதற்கான வரி 2025இல் 50 டாலரிலிருந்து 100 டாலராக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 ரூபாய். அவன் தாயின் கணக்கில் 22 நாட்கூலி. ஒரு சீட்டைக்கூடத் தொடுமுன்பே ஒரு மாதக் கொழுந்து அந்த வாசற்படியில் கிடக்கிறது. செல்வனுக்கு அது படியாகவே தெரியாது. ஏழைக்கு அதுவே மலை.

அப்போது அவன் சொன்ன வார்த்தையை என்னால் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

“லயத்துல படுத்து எந்திரிக்கிறது மட்டும் சூது இல்லையா சேர்? அங்க சீட்டுப் போடுறவன் எந்தத் தோட்டம், எந்த லயம்னு கேக்கிறதில்ல. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போடுறான். எனக்கு அப்படி வேற எங்க போட்டாங்க?”

உண்மைதான். அவன் தாய் ஒவ்வொரு காலையும் பிரட்டுக்குப் போனபோது வைத்ததும் ஒரு பணயமே. மழையும் கொழுந்தும் சரியாக அமைந்து, கேட்ட கிலோ நிறைந்தால் ஒரு பேர், நிறையாவிட்டால் அரைப்பேர். கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து மக்கள் வைத்த பணயம் அதைவிடக் கொடியது. மலை சரியக்கூடும் என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் எழுந்திருந்தது. மாற்றிடமும் வீடும் கிடைக்காத மக்கள் அங்கேயே கிடந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மண் லயங்களை மூடியது. அவர்கள் விரும்பி ஆடிய ஆட்டமா அது?

ஆயினும் அவனுடைய வார்த்தையில் பாதிதான் உண்மை. சீட்டு சமமாகப் போடப்படுகிறது, ஆட்டம் சமமானதல்ல. மேசையின் மேல் தெரிவது சீட்டுகளின் சமத்துவம். மேசைக்குக் கீழே ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் இருப்பது வேறு. சட்டத்தின் முன் அனைவரும் சமம், சந்தையிலே விற்பவனும் வாங்குபவனும் சமம் என்று நம்மிடம் சொல்லப்படுவதும் இதே வகைச் சமத்துவமல்லவா? நீண்ட ஆட்டத்தில் கெட்ட காலத்தைத் தாங்கி நிற்கக் கூடியவன் யார் என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது.

நம் மலைகளின் வரலாறே இதற்குச் சாட்சி. முதலில் இங்கே பயிரானது கோப்பி. கடன் வாங்கிக் காடழித்து, மேலும் கடன் வாங்கி மேலும் காடழித்துப் பணயத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள் துரைமார். 1869இல் இலைநோய் கண்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி விழுந்தது. சிறு துரைமார் கப்பலேறினார்கள். கைமுதல் உள்ளவர்களுக்கோ அதுவே நல்ல காலம். 1890இல் மளிகை வணிகர் தோமஸ் லிப்டன் வந்து, அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னைத் தோட்டம் உட்பட பல தோட்டங்களை வாங்கினார். அவருக்குக் கோப்பித் துரைமாரைவிட மண்ணைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கவில்லை. அவர்களிடம் இல்லாத கைமுதல் இருந்தது. இரண்டு ஆட்டத்திலும் உழைத்தவன் ஒருவனே. ஆனால் அவன் ஆட்டக்காரனாக எண்ணப்படவில்லை.

இன்றைய செய்தியையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் கொழும்பில் ‘சிட்டி ஒப் ட்ரீம்ஸ்’ என்னும் மாளிகை திறக்கப்பட்டது. அதற்கான முதலீடு 100 கோடி டாலருக்கு மேல். அதைக் கட்டியெழுப்பிய ஜோன் கீல்ஸ் நிறுவனத்தின் வேர் 1870களின் விளைபொருள் தரகில் இருக்கிறது; தேயிலைத் தரகு இன்றும் அதன் தொழில்களில் ஒன்று. உள்ளே கசினோவை நடத்துவது மெல்கோ என்னும் பன்னாட்டு நிறுவனம். கொழுந்துக் கூடையிலிருந்து தரகுக் கடைக்கும், அங்கிருந்து கனவு மாளிகைக்கும் செல்வம் ஏறிய பாதை ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீளமானது. அதே பாதையில் கொழுந்து பறித்தவளின் மகன், அவளுடைய 420 நாளைத் தூக்கிக்கொண்டு ஒரே இரவில் ஏற நினைக்கிறான்.

தாயிடம் நான் எந்த வார்த்தையும் சொல்ல நேரவில்லை. அவன் தானே கேட்டுவிட்டான். அவள் கோபப்படவில்லை என்று பிறகு அறிந்தேன். “இது நான் வாங்காம விட்ட அரைப்பேர் எல்லாம் சேர்ந்த காசு. கூரைத் தகரம் மாத்தணும். மிச்சம் என் பேருல பேங்குல கெடக்கட்டும். ஒனக்குப் பசின்னா சோறு போடுறேன், ஆட்டத்துக்குத் தரமாட்டேன்” என்றாளாம். மூன்று நூற்றாண்டுக் கணக்கியல் சொன்னதை அவள் கூரைத் தகரத்தில் சொல்லிவிட்டாள். சேமிப்பை இழந்தால் தனக்கு இரண்டாவது சேமிப்பு இல்லை என்பதை அவள் அறிந்திருந்தாள்.

மகன் தன் இரண்டு லட்சத்தோடு போனான். இரண்டு இரவுகளில் முடிந்தது. எப்படி முடிந்தது என்று தொலைபேசியில் விவரமாகச் சொன்னான். அவன் கையில் இரண்டு ஆஸ். எதிராளி கையில் இரண்டு ராஜா. எல்லாப் பணத்தையும் வைக்கச் சரியான இடம் அதுவே. ஐந்து தடவையில் ஏறத்தாழ நான்கு தடவை அவனே வெல்வான். பொதுச் சீட்டாக மூன்றாவது ராஜா வந்து விழுந்தது. அவன் ஆட்டத்தில் பிழை இல்லை. சற்று முன்புதான் அதே எதிராளி இன்னொருவரிடம் தன் சில்லுகள் அனைத்தையும் இழந்து, முகம் மாறாமல் பணப்பையைத் திறந்து புதிய சில்லுகள் வாங்கியிருந்தார். அதைச் சொல்லும்போதுதான் அவன் குரல் தழுதழுத்தது. தோற்றது அவனுக்கு வலிக்கவில்லை. சரியாக ஆடியும் எழுந்து போக வேண்டியவன் தான் ஒருவனே என்பது வலித்தது.

இவனைப் போன்ற ஆயிரம் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சூதின் தீமையைப் போதிப்பதோடு ஆசிரியரின் கடமை தீர்ந்துவிடாது. ஏழை பணயத்தை உயர்த்தவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். 1940இல் பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, தாமே தேர்ந்தெடுத்த ஒரு சபையை அமைத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடக்கத் தோட்டத்துரை உடன்பட வேண்டியதாயிற்று. அதைவிடப் பெரிய பணயம் எது? கூலி, குடியிருந்த காம்பரா, நாளைய சோறு, எல்லாம் அந்த மேசையில் இருந்தன. ஆனால் அதை ஒருவன் தனியாக வைக்கவில்லை. ஒரு வீட்டில் அரிசி தீர்ந்தால் மறுவீட்டில் இருந்தது. இல்லாதவர்களின் கைமுதல் அவர்கள் ஒருவருக்கொருவர் இருப்பதுதான்.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதியும் அத்தகையதே. தொழிலாளியின் ஊதியத்திலிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12 என்று மாதந்தோறும் சேரும் அந்தப் பணம், தனியொருவர் எந்த மேசையிலும் வெல்ல முடியாத வெற்றி. அந்தத் தாயின் பணிக்கொடையும் அவ்வாறு சட்டமாகி வந்ததே. அவள் அதைக் காத்துக்கொண்டாள்.

அவள் மகனுக்கு அவன் வயதில் தேவைப்பட்ட கைமுதல் ஆறு லட்ச ரூபாய் அல்ல. பஸ் ஏறிப் போய் மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்திலே, தமிழில் உயர்தரக் கணிதம் கற்பிக்கும் ஒரு வகுப்பு. இரண்டு ஆண்டுகள் அவன் உழைப்பின்றியே அடுப்பு எரிவதற்கான ஒரு சிறு உதவித்தொகை. இவ்வளவே. ஊவாவின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் இதைக் கேட்டு நிற்பது ஆசிரியர் சங்கங்களுக்கும் மாணவர் அமைப்புகளுக்கும் முடியாத காரியமல்ல. கேட்காமல் விட்டால், விழுந்த சீட்டை எண்ணத் தெரிந்த நம் பிள்ளைகள், தங்களிடம் இல்லாததை அந்த மேசைகளிலே தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.