நனைந்த சப்பாத்து

பழைய மாணவர் சங்கத்தார் இவ்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் ஆதலின் சங்க இலக்கியத்திலிருந்தோ திருமுறையிலிருந்தோ ஒரு பொருளை எடுத்து எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். நாமும் அவ்வாறே எண்ணித் தாளும் எழுதுகோலும் எடுத்து அமர்ந்தோம். ஆயின் மனம் சென்ற இடம் வேறு. எம் வீட்டு விறாந்தையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சோடிச் சப்பாத்தின்மேல் அது போய் நின்றது. விழா மலரிலே சப்பாத்தைப் பற்றி எழுதுவதா என்று நகைப்போர் நகைக்க. இதனை விடுத்து வேறொன்றை எழுதின், சொல்லவேண்டியதை மறைத்தவராவோம் என அஞ்சியே எழுதத் துணிந்தோம்.

சப்பாத்து என்னும் சொல் போர்த்துக்கேயர் எம்மவர்க்கு விட்டுச் சென்ற சொல். பாதுகை, செருப்பு, தொடுதோல் என்பன அதற்கு முன்பே எம்மிடம் இருந்தவை. தமையனின் பாதுகையை அரியணையில் ஏற்றி நாடாண்ட பரதனை நாம் அறிவோம். காளத்தியப்பரின் திருமுடிமேல் இருந்த பூவைச் செருப்பணிந்த காலால் நீக்கிய கண்ணப்பரையும் அறிவோம். ஆகவே பாதணி இழிந்த பொருள் என்று ஒதுக்கத்தக்கதன்று. எனினும் கோயிலிலும் பிரார்த்தனை மண்டபத்திலும் அதனை வெளியே கழற்றி வைத்துவிட்டே உட்செல்கின்றோம். இக்கதை தொடங்குவதும் அவ்வாறு கழற்றி வைத்த இடத்திலேயாம்.

2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். ரொறன்ரோ நகரில் சப்பாத்துத் திருத்தும் கடையொன்றில் அவருக்கு வேலை. பரிசளிப்பு விழாவுக்கு அவரும் அழைக்கப்பட்டிருந்தார். விழாவுக்குச் சில நாள்களின் முன் எம் இல்லத்திற்கு வந்து, கபில நிறச் சப்பாத்துச் சோடி ஒன்றை எம் கையில் தந்தார். கையால் தடவியபோது மாங்கன்றின் இளந்தளிரைத் தடவியதுபோல் இருந்தது. “இது சுவேட் தோல், சேர். தண்ணி படாமல் பாருங்கோ” என்று அவர் சொன்னது எம் காதில் விழுந்தது, கருத்தில் விழவில்லை.

விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. புதிய சப்பாத்தை அணிந்து சென்றோம். பிரார்த்தனை மண்டபப் படியில் அதனைக் கழற்றி வைத்து உள்ளே சென்ற சிறிது நேரத்தில், கார்த்திகை மழை சொல்லாமற் கொள்ளாமற் கொட்டியது. திரும்பி வந்து பார்த்தபோது மாணவரின் வெள்ளைச் சப்பாத்துகளோடு எமதும் செம்மண் நீரில் ஊறிக் கிடந்தது. மறுநாட் காலை அதனை அணிந்தே ஆகவேண்டும் என்னும் ஆசை எமக்கு. எனவே இரவு அதனை அடுப்பங்கரையில், தணல் அருகே வைத்தோம். விடிந்து எடுத்தபோது அது பனம்மட்டைபோல் விறைத்து, விரல் நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. பதற்றத்தில் கபில நிறப் பொலிசை எடுத்து ஒரு சப்பாத்தின் முன்புறத்தில் நன்றாகத் தேய்த்தோம். அதன்பின் அதில் மென்மை இருந்த சுவடே இல்லை.

பழைய செருப்போடு விழாவுக்குச் சென்றோம். மாணவர் எம் காலைப் பார்த்தார். “சேர், சப்பாத்து அளவில்லையோ?” என்றார். “அளவுதான். வீட்டிலே பத்திரமாக இருக்கிறது” என்றோம். இருபது ஆண்டுகள் மாணவர்க்கு வாய்மையைக் கற்பித்த வாய் அது.

இவ்விடத்தில் பழைய நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டபின், யாழ்ப்பாணத்துக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் கப்பலை நம்பியே இருந்தன. எல்லாப் பொருளும் அருமையாயிற்று; விலையும் ஏறிற்று. 2007ஆம் ஆண்டு மாரியில் ஒரு நாள் காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வெறுங்காலோடு வரிசையில் நின்றான். ஒழுங்கைப் பார்க்கும் பொறுப்பு அன்று எமக்கு. காரணம் யாதென ஒரு சொல் கேளாது, அவனை வரிசைக்குப் புறம்பே நிறுத்தினோம். எல்லாரும் பார்க்க அவன் தலை குனிந்து நின்றான். மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்தார். அவனிடம் இருந்தது ஒரேயொரு சோடி எனவும், மழையில் நனைந்த அதனை விடிவதற்குள் உலர்த்தத் தாமே அடுப்பருகில் வைத்ததாகவும், அடி உருகிப் பயன்படாது போயிற்றெனவும் சொல்லி அழுதார். ஆசிரியர் சிலர் சேர்ந்து வேறொரு சோடி வாங்கிக் கொடுத்தோம். ஆயின் அவனிடம், “நாம் செய்தது பிழை” என்று ஒருநாளும் சொன்னோமில்லை. மாணவனிடம் ஆசிரியர் அவ்வாறு சொல்வது வழக்கமன்று என்று எமக்கு நாமே சமாதானம் கூறிக்கொண்டோம்.

சப்பாத்தைக் கொணர்ந்தவர் அந்த மாணவரேதான்.

நெருப்பருகே வைக்கலாகாது என்பதை நாம் அறியாதவரும் அல்லேம். எம் தந்தையாரும் ஆசிரியர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அவர் தம் தோற் சப்பாத்தைப் பையொன்றிற் கட்டிச் சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டார். பதினைந்து வயதினராய் இருந்த எமக்கு அது கோபத்தை மூட்டியது. எத்தனையோ பொருளை விட்டுவந்தவர் இதனையா சுமப்பது என்று எண்ணினோம். 1996ஆம் ஆண்டு சித்திரையில் வீடு திரும்பியபோது சப்பாத்திற் பூஞ்சணம் பூத்திருந்தது. அவர் அதனை வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, உள்ளே தாள் திணித்து, நிழலிலே நாள்கணக்கில் ஆறவிட்டார். பாடசாலை தொடங்கிய நாளில் அதனையே அணிந்து சென்றார். “தலை குனிந்து நிற்கும் பிள்ளை முதலிற் காண்பது ஆசிரியரின் காலைத்தான்” என்பது அவர் சொல். அச்சொல்லை எம் சப்பாத்தின் மினுக்கத்திற்கே நாம் பொருத்திக்கொண்டோம். தலை குனிந்து நிற்கும் பிள்ளையை நிமிர்த்தவேண்டும் என்பதும் அதனுள் அடங்கியிருந்ததை உணர்ந்தோமில்லை.

விழாவுக்கு மறுநாள் மாணவர் விடைபெற வந்தார். விறாந்தையிற் கிடந்த சப்பாத்து அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நெருப்புக்குக் கிட்ட வைச்சனீங்களோ, சேர்?” என்றார். எமக்கு விடை சொல்ல வாய் எழவில்லை. அவர் சிரித்துக்கொண்டே நிலத்தில் அமர்ந்தார். பழைய பற்றூரிகை ஒன்று, அழிறப்பர் ஒன்று, கொதிக்கும் கேத்தில் ஒன்று, இவ்வளவே கேட்டார். அன்று நாம் மாணவரானோம், அவர் ஆசிரியரானார்.

அவர் கற்பித்ததன் சாரம் இது. தோலென்பது புரத இழைகளின் பின்னல். தோலின் மயிர்ப்புறம் நெருக்கமானது. ஓரளவு நீரைத் தடுக்கும். சுவேட் என்பது உட்புறமாகிய சதைப்புறத்தைத் தேய்த்துத் துய் எழுப்பிய தோல். மயிர்ப்புறத்தையே மெல்லத் தேய்த்து எடுப்பது நூபக். சுவீடன் தேசத்தைப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே சுவேட். அந்நாட்டுக் கையுறைகளைக் குறித்த வழக்கிலிருந்து இப்பெயர் தோலுக்கு வந்தது. துய் திறந்து கிடப்பதால் நீரும் எண்ணெயும் உடனே உட்புகும். நனைந்த தோலை நெருப்பிலோ கடும் வெயிலிலோ காட்டின், இழைகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். மெழுகுப் பொலிசு துய்யைப் படியவைத்துவிடுமாதலின் சுவேட்டுக்கு அது ஆகாது.

நனைந்துவிட்டால் முதலில் உலர்ந்த துணியால் ஒற்றவேண்டும், தேய்த்தல் கூடாது. அச்சு மை ஒட்டாதிருக்க, எழுத்தில்லாத வெறுந்தாளை உள்ளே திணித்து, அது ஈரமாகுந்தோறும் மாற்றவேண்டும். நிழலிலே காற்றாட ஒருநாள், இருநாள் விடவேண்டும். முற்றும் உலர்ந்தபின்பே தூரிகையால் ஒரே திசையில் வருடவேண்டும். எமது செம்மண் சேறு பட்டாலும் இதுவே முறை. ஈரத்தில் தேய்த்தால் செந்நிறம் உள்ளே இறங்கும். காய்ந்தபின் தட்டினால் பெரும்பகுதி தானே உதிரும். சிறு கறையை அழிறப்பரால் நீக்கலாம். எண்ணெய் சிந்தினால் நீர் விடாது, சோளமாவையோ முகப்பவுடரையோ தூவி ஓரிரவு விட்டுத் தட்டவேண்டும். படிந்த துய்யைக் கேத்திலின் ஆவியிற் சற்றுக் காட்டித் தூரிகையால் எழுப்பலாம். பனிக்காலத்தில் ரொறன்ரோ வீதிகளில் உப்புத் தூவுவார்களாம். அவ்வுப்பு விட்டுச்செல்லும் வெண்கோட்டை, வினாகிரியும் நீரும் சமனாகக் கலந்து துணியால் ஒற்றி நீக்குவார்களாம்.

முதலை, மலைப்பாம்பு, தீக்கோழி முதலியவற்றின் தோலாற் செய்த விலையுயர்ந்த சப்பாத்துகளும் அவர் கடைக்கு வருவதுண்டு. அவற்றுக்கு முறை வேறு. பாம்புத் தோலைச் செதில் படிந்த திசையிலேயே துடைக்கவேண்டும். எதிர்த்துத் தேய்த்தால் செதில் கிளம்பும். முதலைத் தோல் செதில்களின் இடைவெளியில் உலர்ந்து வெடிக்குமாதலின், அதற்குரிய களிம்பை மெல்லிதாகத் தடவவேண்டும். தீக்கோழித் தோலின் இறகுக் குமிழ்களைச் சுற்றி அழுக்கும் களிம்பும் தேங்க விடலாகாது. அருகிவரும் உயிரினங்களின் வாணிகத்தை ஒழுங்குசெய்யும் உடன்படிக்கை 1973இல் வாசிங்டனிற் கைச்சாத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 1979இல் அதிற் சேர்ந்தது. ஆகவே இத்தகைய தோற்பொருளோடு கடல்கடந்து வரும் பழைய மாணவர்கள், அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டுமா என முன்னரே விசாரித்தல் நலம்.

நீர் ஒட்டாதிருக்கத் தெளிக்கும் மருந்துகளைப் பற்றியும் கேட்டோம். 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவன ஆய்வுகூடத்திற் சோதனைக் கலவை ஒன்று உதவியாளர் ஒருவரின் கன்வசுச் சப்பாத்திற் சிந்தியது. அது பட்ட இடம் மட்டும் நீரையும் அழுக்கையும் ஏற்காதிருந்ததைக் கண்ட பற்சி சேர்மன், சாமுவேல் சிமித் என்னும் ஆய்வாளர் இருவரும் அதனை ஆராய்ந்து பயன்படுத்தினர். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. ஆயின் புளோரின் சேர்ந்த இத்தகைய சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாது தங்குவது பின்னர் அறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனமே பழைய கலவையைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று புளோரின் கலவாத தெளிப்புகளும் கிடைக்கின்றன. எதுவாயினும், புதுச் சப்பாத்தை அணியுமுன்பே, திறந்த வெளியில், ஒரு சாண் தூரத்தில் நின்று, ஆவியை மூச்சில் இழுக்காது, மெல்லிதாக இருமுறை தெளிக்கவேண்டும். மறைவான ஓரிடத்தில் முதலிற் சோதித்தல் வேண்டும். சில கிழமைகளுக்கு ஒருமுறை மீளவும் தெளிக்கவேண்டும். “நனைஞ்ச பிறகு செய்யிறதை விட நனையமுன்னம் செய்யிறதுதான் சுகம், சேர்” என்றார்.

இவ்வாறு சொல்லிக்கொண்டே அவர் எம் சப்பாத்தை ஆவியிற் காட்டி வருடிக்கொண்டிருந்தார். அப்பொழுது, பதினாறு ஆண்டுகள் எம் நெஞ்சிற் கிடந்ததைச் சொன்னோம். “அன்று உன்னை வரிசையால் விலக்கியது பிழை. கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை. பிழையென்று தெரிந்த பின்னும் உன்னிடம் சொல்லவில்லை” என்றோம். அவர் கை சற்று நின்றது. பின் மீண்டும் வருடத் தொடங்கியது. நெடுநேரம் கழித்து, “எனக்கு அது பெரிசில்லை, சேர். சப்பாத்தைத் தான் எரிச்சதெண்டு அம்மாவுக்குத்தான் இண்டைக்கும் கவலை. நீங்கள் சொன்னதைப் போய் அம்மாட்டைச் சொல்லுறன்” என்றார். எம் மனையாள் கொணர்ந்த தேநீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது.

சப்பாத்தின் துய் பெரும்பாலும் எழும்பிவிட்டது. பொலிசு பூசிய இடம் மட்டும் இன்றும் கறுத்துப் படிந்தே கிடக்கின்றது. அது இனி மாறாது என்று அவர் சொல்லிச் சென்றார். மாறவேண்டும் என்று நாமும் விரும்பவில்லை. காலையிற் பாடசாலைக்குப் புறப்படுகையில் அது கண்ணிற் படும். அன்று பிந்தி வரும் பிள்ளையிடமும், வெறுங்காலோடு வரும் பிள்ளையிடமும் முதலில் “ஏன், தம்பி?” என்று கேட்கவேண்டும் என்பது நினைவுக்கு வரும்.

இறுதியாகப் பழைய மாணவர்களிடம் ஒரு விண்ணப்பம். பிரார்த்தனை மண்டபப் படிகளுக்கு மேற் கூரை இல்லை. மாரி தோறும் எம் பிள்ளைகள் உள்ளே நின்று பாடுகையில், வெளியே அவர்களின் சப்பாத்துகள் நனைகின்றன. அவர்களுட் பலருக்கு இன்றும் ஒரு சோடிதான் உண்டு. விழாக்காலத்தில் கல்லூரி அன்னைக்கு என்ன காணிக்கை அளிக்கலாம் என்று சிந்திப்போர், அப்படிகளுக்கு ஒரு தாழ்வாரம் இறக்கி, உள்ளே சில மரத் தட்டுகளும் அமைத்துத் தருவாராயின் அதுவே போதும். பெயர் பொறிக்கும் கல் அதற்கு வேண்டாம். மழையில் அழுதுகொண்டே அடுப்பு மூட்டும் தாய் ஒருத்தியேனும் குறைவாள்.

வாழ்க எம் கல்லூரி அன்னை.