திறவாத பூட்டு

இராயபுரத்தில் எம் இல்லப் பரணில், அதிகம் பேசாது வாழ்ந்து மறைந்த தந்தையாரின் டிரங்குப் பெட்டி இருந்தது. அதில் சாவி தொலைந்த திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. பூட்டுத் திறக்கும் கலையைப் பொழுதுபோக்காகக் கற்கத் தொடங்கிய நாம், கம்பிகளோடு ஒரு மாதம் போராடினோம். "உடைத்துவிடலாம்" என்றான் தம்பி. "அப்பா கைபட்ட பூட்டு" என்று தடுத்தார் அன்னையார்.

2019-இல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. அதனுள் அடுக்கடுக்காய் லீவர் தகடுகள். ஒவ்வொன்றும் தனக்குரிய உயரத்திற்கு எழுந்தாலன்றித் தாழ் விலகாது. நாம் வலிந்து முறுக்கியதால் அவை இறுகிக்கிடந்தன. உப்புக்காற்றில் துருவேறிய பூட்டுக்கு எண்ணெயிட்டு, ஓரிரவு கையைத் தளர்த்தி, ஒவ்வொரு தகடாய்த் தொட்டோம். திறந்தது.

உள்ளே எம் பள்ளிக் கட்டண இரசீதுகள், ஆண்டுவாரியாய்! அன்பர்களே, அவர் உள்ளத்தையும் இவ்வாறே பொறுமையாய்த் தொட்டிருக்கலாமே என ஏங்குகிறோம்.