உள்ளங்கையில் ஒரு கொட்டகை

சாம்பியன் ரயில் நிலையத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் பாசஞ்சருக்கு முதல் நிறுத்தம் இது. தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாகக் காத்திருந்தவர்கள் வண்டி நின்றதும் ஜன்னலோர இடத்துக்கு முண்டியடிக்கிறார்கள். உட்கார்ந்தவுடன் செய்யும் முதல் காரியம் செல்போனை எடுப்பது. ஊர்காம், கொரமண்டல் தாண்டுவதற்குள் பேச்சு அடங்கி, பெட்டி முழுக்க முகங்களுக்குக் கீழே நீல வெளிச்சம். நேற்று ராத்திரி பாதியில் விட்ட படம் இன்று தொடர்கிறது.

கையகலத் திரையில் யார் படம் பார்ப்பார்கள் என்பது பழைய சந்தேகம். 1982-ல் சோனி நிறுவனம் வாட்ச்மேன் என்ற கையடக்க டி.வி.யைக் கொண்டுவந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோ போல அது ஊர் ஊராகப் பரவவில்லை. 2005 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட வீடியோ ஐபாடின் திரை இரண்டரை அங்குலம். இதிலா சினிமா என்று சிரித்தவர்கள் உண்டு. இந்தியாவில் 2017-ல் வந்த ஜியோபோனின் திரையோ 2.4 அங்குலம்தான், ஐபாடைவிடச் சிறியது. அதிலும் பார்த்தார்கள். விரும்பித்தான் பார்த்தார்களா என்பதை விசாரிக்க இந்த ரயில் நல்ல இடம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ரயில் வாழ்க்கை வந்தது சுரங்கம் போனதால். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் கால் வைத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் லைன் வீடுகளில் குடியேறின. பெரும்பாலோர் தமிழர்கள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஆழம் போனது. அடியில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கம் இது. ஆனாலும் வேலை வீட்டு வாசலில் இருந்தது. ஷிப்ட் முடிந்தால் பத்து நிமிட நடையில் வீடு. குளித்துவிட்டுக் குடும்பத்தோடு கொட்டகைக்குப் போக நேரம் இருந்தது.

2001 பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. மக்கள் ஊரைக் காலி செய்யவில்லை. பெங்களூருக்குப் போய்வரத் தொடங்கினார்கள். ஒரு வழிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். ஒரு நாளில் நான்கைந்து மணி நேரம் தண்டவாளத்தின் மேல் கழிகிறது. வீட்டில் மிஞ்சுவது சாப்பாடும் தூக்கமும்தான்.

எதிர் சீட்டில் இருந்த பெண்மணி தையல் ஆலையில் வேலை பார்ப்பவர். பெரிய டி.வி. வீட்டில் இருக்கிறது, அதைப் பிள்ளைகளும் மாமியாரும்தான் பார்க்கிறார்கள் என்றார். அவர் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். "தியேட்டர்ல பாக்கத்தான் சார் ஆசை. எங்க நேரம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டார். எத்தனை அங்குலம் என்ற கேள்வியே அவருக்குப் புரியவில்லை. கேட்ட நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பங்காரப்பேட்டை தாண்டி டேக்கல் பாறைகளுக்கு நடுவே சிக்னல் விட்டு விட்டு வருகிறது. அனுபவசாலிகள் இரவே படத்தை இறக்கி வைத்துவிடுகிறார்கள். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

தனித்தனியாகப் பார்க்கிறார்கள் என்பதும் முழு உண்மை அல்ல. கல்லூரிப் பையன்கள் இருவர் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். கதவோரம் பையின் மேல் சாய்த்து வைத்த ஒரு போனை நான்கு பேர் பார்த்தார்கள். நின்றிருந்த பெரியவர் பக்கத்து ஆளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, வசனம் கேட்காமலே சிரித்தார். சினிமா பிறந்ததும் இப்படித்தான். 1894-ல் எடிசனின் கினெட்டோஸ்கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் துவாரத்தில் கண் வைத்துப் பார்க்க முடியும். திருவிழாவில் பயாஸ்கோப்புப் பெட்டிக்குக் காசு கொடுத்துக் குனிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த ஊருக்கு வேறொரு விசித்திரமும் உண்டு. லைன் வீடுகளுக்குப் பின்னால் நிற்கும் சயனைட் மேடுகள், தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு. அங்கே செட் போட்டு எடுத்த 'கே.ஜி.எஃப்' 2018 டிசம்பரில் வெளியாகி நாடெங்கும் பெரிய திரைகளை நிரப்பியது. இரண்டாம் பாகம் 2022-ல் வந்தது. பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' 2024 ஆகஸ்டில், இதே மண்ணில் முதலில் தோண்டியவர்களின் கதையுடன் வந்தது. அகன்ற திரைக்கென்றே எடுத்த படங்கள்.

மாலையில் திரும்பும் வண்டியில் கூட்டம் இன்னும் அதிகம். ஒயிட்பீல்டில் ஏறியவர்களுக்கு மாலூர் வரை உட்கார இடமில்லை. ஒரு கை கம்பியில், மறு கையில் போன். நம் பக்கத்தில் நின்ற இளைஞன் 'தங்கலான்' பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாத்தா சாம்பியனில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்தவராம். பார்த்து முடிக்க இன்னும் இரண்டு பயணம் ஆகும் என்றான். சாம்பியன் வந்ததும் படத்தை நிறுத்தி, போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு இருட்டில் இறங்கி நடந்தான்.