ஏற்காட்டுக் கூடாரத்தில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபி!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் ஏற்காடு. சுமார் 1,500 மீட்டர் உயரம். எஸ்டேட் ஓரத்தில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களை விடியற்காலை 5.30 மணிக்கே குளிர் எழுப்பிவிடும். கண் விழித்ததும் எழுகிற முதல் கேள்வி, "காபி ரெடியா?"

சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள், நிழலில் காபிச் செடிகள். கையில் இருப்பதோ பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிய இன்ஸ்டன்ட் காபி! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இருநூறு வருடமாகக் காபி விளைகிற மண்ணில் உட்கார்ந்து இதைக் குடிப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் சின்ன எவர்சில்வர் ஃபில்டர் போதும். கீழே விழுந்தாலும் நசுங்குமே தவிர, உடையாது. பொடியைக் கிளம்புகிற அன்று அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துக்கொள்ள வேண்டும். சிக்கரி கலந்தது என்றால் கொஞ்சப் பொடியிலேயே டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும். கலக்காத பொடி என்றால் ஒரு ஸ்பூன் கூடப் போட வேண்டியிருக்கும். ஆனால், வாசனை வேறு ரகம்.

சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், இந்த உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காபிக்கு அந்தச் சூடு சரியான பதம். கொதித்த உடனே ஊற்றிவிடலாம், ஆற விடக் கூடாது. சிக்கல் காற்றில்தான். மலைக்காற்றில் சில்லிட்டுக் கிடக்கும் ஃபில்டர், ஊற்றுகிற தண்ணீரின் சூட்டை இழுத்துக்கொள்ளும். டிகாக்‌ஷன் வெளிறிப்போய் இறங்கும். அதனால் முதலில் வெந்நீரால் ஃபில்டரை ஒரு அலசு அலச வேண்டும். பொடியை லேசாக அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடியதும், ஒரு குரங்குக் குல்லாவை எடுத்து அதன் தலையில் மாட்டிவிட வேண்டியதுதான். ஊட்டியில் வாங்கி ஒரே ஒருமுறை போட்ட குல்லாவுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது! 20 நிமிடம் பொறுமை தேவை. டிகாக்‌ஷன் ஆறிவிட்டதென்று நேராக அடுப்பில் ஏற்றினால் கசந்துவிடும். பாலைத்தான் பொங்கச் சூடாக்கிக் கலக்க வேண்டும்.

பால் கிடைக்கவில்லையா? கருப்பட்டி ஒரு துண்டு, சுக்கு ஒரு தட்டு. குளிருக்குக் கடுங்காப்பி இன்னும் இதம்.

அடுப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. மூன்று கல் வைத்துச் சுள்ளி எரிப்பது போட்டோவுக்கு அழகு. ஆனால், பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்த சருகு மீது ஒரு பொறி விழுந்தால் போதும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். மலையில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைத் தமிழ்நாடு அன்று பார்த்தது. சின்ன கேஸ் ஸ்டவ், அதுவும் சருகு அகற்றிய வெறும் தரையில், எஸ்டேட்காரர்களிடம் கேட்டுக்கொண்டு பற்றவைப்பதே சரி. மழை பெய்கிறது, குளிர்கிறது என்று அதைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்விடக் கூடாது. அடைத்த இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

முதல் டிகாக்‌ஷன் சீக்கிரம் எழுந்தவர்களுக்கு. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டவர்களுக்கு இரண்டாவதுதான். அதில் சண்டை வராமல் இருக்காது. ஃபில்டரில் மிஞ்சிய சக்கையைச் செடியின் தூரில் கொட்டிவிடலாம். காலி பால் பாக்கெட் மட்டும் அந்த 20 வளைவுகளிலும் கூடவே இறங்கிச் சேலம் வரை வர வேண்டும்.