நாள் எண்ணும் பயிர்

ராகி நாற்றை 18லிருந்து 20 நாளுக்குள் பிடுங்கி நட்டுவிட வேண்டும் என்று விவசாயக் கையேட்டில் படித்தது பின்னால்தான். அதற்கு முன்பே ஒருமுறை அதைத் தவறவிட்டிருந்தேன்.

ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம். கர்நாடகத்து அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் ஆடியில் அருவியின் இரைச்சல் ராத்திரி முழுக்கக் கேட்கும். பரிசலை நிறுத்திவிடுவார்கள். அத்தனை தண்ணீரும் பாறைப் பிளவுக்குள் இறங்கி மேட்டூர் தேக்கத்துக்குப் போய்விடும். மேலே எங்கள் கிணற்றில் இடுப்பளவு. (இந்த ஆற்றுத் தண்ணீர் குழாய் வழியாக தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குடிக்கக் கிடைத்தது 2013இல். அதற்கு முன் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் காவி ஏறியவர்களில் நானும் ஒருவன்.)

1981 ஆடியில் அம்மா நாற்று விட்டிருந்தாள். நூறு நாள் ராகி. பதினைந்தாம் நாள் கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்று. அதை பஸ் மேல் ஏற்றிக்கொண்டுபோய் தர்மபுரியில் காயில் கட்டக் கொடுத்துவிட்டு, மறுநாள் இருந்து வாங்கி வரச் சொன்னாள். கொடுத்தேன். மறுநாள் சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். அங்கே ஒரு நண்பன் பத்திரிகை தொடங்குவதாக எழுதியிருந்தான். ஒரு நாள் என்று போனது பதினாறு நாளாயிற்று. படிமம் என்றால் என்ன என்பதைப் பற்றி அந்த அறையில் நடந்த சண்டைகள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. முடிவு என்னவென்று நினைவில்லை. பத்திரிகை இரண்டு இதழ் வந்தது. மோட்டார்க் கடையின் ரசீது அந்தப் பதினாறு நாளும் என் சட்டைப் பையில் இருந்தது.

திரும்பி வந்தபோது அம்மா நாற்றங்காலுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். நாற்று பச்சையாகத்தான் இருந்தது. குடத்துத் தண்ணீரில் நாற்றைக் காப்பாற்றலாம், நடவு வயலை நனைக்க முடியாது. "வந்துட்டயா, மோட்டார எறக்கு" என்றாள். அவ்வளவுதான்.

நட்டது முப்பத்தைந்தாம் நாள். நடவுக்கு வந்த பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாற்றை எடுத்து, நகத்தால் குருத்தைக் கிழித்துப் பார்த்தாள். "வவுத்துல புள்ளயோட நிக்குது, இத எங்க கொண்டுபோயி வெக்கறது?" என்றாள். உள்ளே வெள்ளையாக, அரிசி நுனி போல, கதிரின் தொடக்கம்.

பிடுங்கும்போது வேரில் ஒரு பங்கு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடுகிறது. நட்ட பின் சில நாள் செடி வெளுத்து, ஒன்றும் செய்யாமல் நிற்கும். இளம் நாற்றுக்கு அது நஷ்டமில்லை. புது வேர் விட்டுத் தூர் கட்ட அதற்கு அவகாசம் இருக்கிறது. மூத்த நாற்றுக்கும் அதே சில நாள்தான். ஆனால் வேர் நின்றாலும் வயது நிற்பதில்லை. உயிர்த்தண்ணீர் கொடுத்தோம். குற்ற உணர்வில் நான் யூரியாவைக் கூடுதலாகவே போட்டேன். இலை கறுத்தது, தூர் வரவில்லை. முழங்கால் உயரத்தில் பூத்துவிட்டது, விதைத்த நாளிலிருந்து கணக்கிட்டால் கிட்டத்தட்டச் சரியான நாளில். விரல்கள் மெலிந்து, மூன்றும் நான்குமாக.

ஊடே போட்டிருந்த மொச்சையும் தாமதமாக விதைத்ததுதான். அது மார்கழிப் பனியில் பூத்துக் குலுங்கியது. பக்கத்து நிலத்தில் முன்னதாக விதைத்த மொச்சையும் எங்களுடையதும் ஒரே வாரத்தில் பூத்தன. பொழுது குறுகி இரவு நீள்வதற்கு அது காத்திருக்கும். எப்போது விதைத்தாய் என்று கேட்காது. 12 பாகை வடக்கில் இருக்கும் எங்கள் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அதை ஒரு கொடி கண்டுபிடித்துவிடுகிறது என்பது இன்றும் எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் இருவரும் 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதுதான். கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலையை இருட்டறையில் வைத்து எடுத்து, பகலைக் குறைத்துப் பூக்க வைத்தார்கள். ராகிக்கும் பகலின் கணக்கு கொஞ்சம் உண்டு. ஆனால் குறுகிய வயது ரகங்களை ஆள்வது வயதுதான்.

எங்கள் கவிதைகளெல்லாம் மொச்சை இனம் என்று சேலத்து அறையில் நாங்கள் நம்பியிருந்தோம். பருவம் வரும், அதுவரை கொடி ஓடட்டும் என்று.

கஞ்சாவிலும் இந்தப் பிரிவு உண்டு என்பதைப் பின்னால் படித்தேன். நம் பக்கத்துச் செடி பகல் குறுகக் காத்திருப்பது. (1985 சட்டத்தின்படி அனுமதியின்றி அதைப் பயிரிடுவது குற்றம்.) ரஷ்யாவில் யானிஷெவ்ஸ்கி 1924இல் விவரித்த ருடராலிஸ் என்ற குட்டைச் சாதிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அங்கே கோடை குறுகியது. காத்திருந்தால் பனி கொன்றுவிடும். அதனால் வயதானதும் பூத்துவிடுகிறது. அதன் வழிவந்த ரகங்களைச் சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் வளர்ப்பவர்கள், முடிந்தவரை கடைசியாக நிற்கப்போகும் இடத்திலேயே விதையை ஊன்றச் சொல்கிறார்கள். வெளியே மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால் இளசாக இருக்கும்போதே, வேரைச் சுற்றிய மண் உதிராமல். தூக்கி நட்டதில் இழந்த ஒரு வாரத்தை அந்தச் செடி திருப்பித் தராது. எங்கோ யாரோ எழுதிய இந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு அத்தையின் நகம்தான் ஞாபகம் வந்தது.

அறுவடை வழக்கத்தில் பாதிகூட இல்லை. தை முடிவதற்குள் களிக்குக் கடையில் ராகி வாங்கினோம். ஆனால் அடிப்பதற்கு முன்பே அம்மா அந்தச் சின்னக் கதிர்களிலிருந்து ஒரு கை பொறுக்கித் தனியாகக் கட்டி வைத்திருந்தாள். இதைப் போய் விதைக்கு வைக்கிறாயே என்று கேட்டேன்.

"அது இன்னா தப்பு பண்ணிச்சி?" என்றாள்.

அடுத்த ஆடியில் அதையே விட்டாள். 19ஆம் நாள் நடவு. நான் ஊரில் இருந்தேன்.